போறேன் ஐயான்னு சொன்ன மகன்

கேள்வி: அண்ணாச்சி, கடவுள் மேல வைக்கற விசுவாசத்தாலதான் ரட்சிப்பு, கிரியையால, அதாவது நாம செய்யற நல்ல காரியத்தால இல்லைன்னு எங்க சபையில பிரசங்கம் பண்றாங்க. ஆனா பைபிள்ல யாக்கோபு எழுதின கடிதத்துல, அந்த யாக்கோபு நிருபத்துல, கிரியையில்லாத விசுவாசம் செத்ததுன்னு இருக்கு. எது சரி? எங்க மாமனார் தினமும் காலைல 4 மணிக்கு எந்திரிச்சு ஜெபம் பண்ணுவாரு, ஆனா வரப்பு தகராறுல சொந்த தம்பிகூட 6 வருஷமா பேச்சே கிடையாது.
- ஒரு வாசகி, நாசரேத்

பதில்: புராட்டஸ்டண்ட் சபைகளுக்கு வழி திறந்துவிட்ட மார்ட்டின் லூத்தரே தடுக்கி விழுந்த எடம்மா இது. 1522ல யாக்கோபு நிருபத்தை வைக்கோல்னு எழுதிட்டாரு. அதே மனுஷன், விசுவாசத்தால ரட்சிப்புன்னு பவுல் சொல்ற ரோமர் நிருபத்துக்கு எழுதின முன்னுரையில, விசுவாசம் சும்மா உக்காந்திருக்காது, நல்லது செய்யணுமான்னு நாம கேக்கறதுக்குள்ள அது செஞ்சு முடிச்சிருக்கும்ங்கறாரு. அப்ப சண்டை எங்க இருக்கு? பவுல் வேர சொல்றாரு, யாக்கோபு காய் எங்கடான்னு கேக்கறாரு, அவ்வளவுதான்.

யாக்கோபு பெரிய தத்துவமெல்லாம் பேசல. உடுத்த துணியில்ல, சாப்பாடில்லன்னு நிக்கறவங்ககிட்ட "குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு வாயால சொல்லி அனுப்புனா என்ன பிரயோஜனம்னு கேக்கறாரு. எனக்கு இது சுருக்குன்னு குத்தும், ஏன்னா போன வருஷம் வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, தன் மக ஃபீஸுக்கு 2000 ரூபா கேட்டப்ப "ஜெபம் பண்றேன்க்கா"ன்னு சொன்னவன் நான், பர்ஸ் சட்டைப் பையில கனமாத்தான் இருந்துச்சு. மறுநாள் குடுத்தேன், ஆனா அந்த ராத்திரி அவங்க எப்படி தூங்குனாங்களோ.

திண்டிவனத்துல ஐடா ஸ்கடர்னு ஒரு பொண்ணு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அமெரிக்காவுல இருந்து வந்தது, இந்தியாவுலயே இருக்கற எண்ணமே கிடையாது. ஒரே ராத்திரி 3 பேர் வந்து, மனைவிக்கு பிரசவம் கஷ்டமா இருக்கு வாங்கன்னு கூப்பிட்டாங்க, டாக்டரான அப்பாவ அனுப்பறேன்னா ஆம்பள வேணாம்னுட்டாங்க. விடியறதுக்குள்ள 3 பொண்ணும் செத்துப்போச்சு. ஐடா அழுது ஜெபிச்சதோட நிக்கல, திரும்பிப்போய் டாக்டருக்குப் படிச்சு 1900ல வேலூர் வந்துட்டாங்க, 1902ல 40 படுக்கையோட ஆஸ்பத்திரி, 1918ல பொண்ணுங்களுக்கு மெடிக்கல் ஸ்கூல், இன்னைக்கு சிஎம்சி ஆஸ்பத்திரின்னு நாம ரயிலேறிப் போறோமே அதுதான். அப்பா வேலைக்குப் போகச் சொன்ன ரெண்டு மகன்களப் பத்தி இயேசு சொன்னாரே, அதுல போகமாட்டேன்னு சொல்லிட்டு பின்னால திராட்சத்தோட்டத்துக்குப் போன மகன் கதைதான் இது. "போகிறேன் ஐயா"ன்னு பவ்யமா சொன்ன இன்னொரு மகன் போகவேயில்ல.

இப்ப மாமனார் விஷயம். காணிக்கையை பலிபீடத்துக்கிட்ட வச்சிட்டு முன்பு போய் சகோதரனோட ஒப்புரவாகுன்னு மத்தேயு 5ல இருக்கு, அவருக்கு மனப்பாடமாவே தெரிஞ்சிருக்கும், அதனால மருமக வாயால வசனம் சொல்லாத, வீம்பு கூடத்தான் செய்யும். இந்த கிறிஸ்மஸுக்கு முந்திரிக்கொத்து சுடும்போது ஒரு தூக்குவாளி தனியா எடுத்து வை. பிள்ளைங்க கையில குடுத்து சின்னத் தாத்தா வீட்டுக்கு அனுப்பு, மாமனார் திண்ணையில உக்காந்திருக்கற நேரமா பாத்து.