ராட்வைலர் இருக்கிற வீட்டுக்கு ஷிட்ஸு வரலாமா?

கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் வீட்டில் நாலு வயது ராட்வைலர் ஆண் நாய் நிற்கிறது. பெயர் டைசன். எங்களிடம் ரொம்பப் பாசமாக இருப்பான். பெங்களூருவில் இருக்கும் மகள் பிரசவத்துக்கு வருகிறாள், அவள் வளர்க்கும் ஷிட்ஸு என்ற சின்ன நாயும் கூட வருகிறது. "ரெண்டு நாள் குரைக்கும், பெறவு பழகிடும்" என்கிறார் வீட்டுக்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: வரட்டும் அம்மா. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஆனால் பெரியவர் ஒருவரின் கண்பார்வை இல்லாமல் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது, ஒரு நிமிடம்கூட. மகள் திரும்பிப் போகும்வரை இதை எல்லாரும் கடைப்பிடிக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். யாராவது ஒருவர் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று இழுத்தால், ஷிட்ஸு பெங்களூருவிலேயே நம்பிக்கையான ஓர் இடத்தில் இருப்பதுதான் நல்லது.

உங்கள் பயம் தேவையான பயம். நன்றாக வளர்ந்த ஆண் ராட்வைலர் சுமார் 50 கிலோ இருக்கும். ஷிட்ஸு ஐந்தாறு கிலோ. டைசனுக்குக் கோபமே வர வேண்டாம். சந்தோஷத்தில் முன்காலைத் தூக்கி அதன் முதுகில் போட்டாலே எலும்பு போய்விடும். ஷிட்ஸு, பக் போன்ற சப்பை மூஞ்சி நாய்களுக்குக் கண்குழி ஆழம் குறைவு. பெரிய நாய் கழுத்துத் தோலைக் கவ்வி இழுத்தால், கடி ஆழமாகப் படாவிட்டாலும் கண் வெளியே பிதுங்கிவிடும். அப்படி நடந்தால் உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். சுத்தமான துணியை சலைனில் நனைத்துக் கண்மேல் வைத்து, காயவிடாமல் ஈரமாகவே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

"ரெண்டும் ஒண்ணாட்டுத்தான் கிடக்கும் டாக்டரே, எப்படிக் கடிச்சுதுன்னே தெரியல்ல." கடிபட்ட சின்ன நாயைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. இரண்டும் உண்மையிலேயே பாசமாக இருந்திருக்கும். ஆனால் சின்னது கால் மிதிபட்டு 'கீ'யென்று கத்திக்கொண்டு ஓடும்போது, பெரிய நாயின் உள்ளே கிடக்கும் வேட்டைக் குணம் எழுந்துவிடும். அந்த நொடியில் எதிரே ஓடுவது கூட வளர்ந்த நாய் என்று அதற்குத் தெரியாது. பாய்ந்து கவ்வும், உதறும். அடுக்களையில் இருந்து நீங்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதில் டைசன் கெட்டவனும் இல்லை, ஷிட்ஸு சேட்டைக்காரியும் இல்லை. எடை வித்தியாசம் அவ்வளவு.

முதல் சந்திப்பை உங்கள் முற்றத்தில் வைக்காதீர்கள். அது டைசனின் இடம், அங்கே புதிதாக எது வந்தாலும் அவன் கண்ணுக்கு அந்நியம்தான். ஆள் நடமாட்டம் குறைந்த சானல்கரை (கால்வாய்க்கரை) ரோடு பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். டைசனை வீட்டுக்காரர் பிடிக்கட்டும், ஷிட்ஸுவை வேறொருவர். மகள் வேண்டாம். பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டும் ஒரே திசையில் நடக்கட்டும். வாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இழுபடும் வார் நாய்க்குப் பதற்றத்தைக் கூட்டும். ஒன்றையொன்று பார்த்துவிட்டு மண்ணை மோந்துகொண்டு போனால் அடுத்த நாள் இடைவெளியைக் குறைக்கலாம். இப்படி ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். அவசரமே வேண்டாம்.

டைசனின் உடம்பைக் கவனியுங்கள். வாய் லேசாகத் திறந்து, உடம்பு தளர்ந்து, பின்பாகம் ஆடி ஆடி நடந்தால் நல்லது. சில பெரிய நாய்கள் சின்னதுடன் விளையாடத் தாமாகவே வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்துக்கொள்ளும், தலையைச் சாய்த்து முகத்தை நக்கவிடும். பார்க்கவே மனசு நிறையும். அப்படிச் செய்கிற நாய்க்குத் தன் பலம் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். மாறாக வாயை மூடிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, இமைக்காமல் ஒரே பார்வையாகச் சின்னதைப் பார்த்து அடிமேல் அடி வைத்தால், அந்த இடத்திலேயே திருப்பிக் கூட்டிப் போய்விடுங்கள். குரைக்கிற நாயைவிட அந்த மௌனம்தான் எனக்குப் பயம்.

ஷிட்ஸுவின் கண்ணை மறைக்கும் முடியை வெட்டியோ உச்சியில் கட்டியோ விடச் சொல்லுங்கள். நாய்கள் கண்ணையும் முகத்தையும் பார்த்தும் பேசிக்கொள்கின்றன. முகமே தெரியாத நாயை டைசன் எப்படிப் புரிந்துகொள்வான்?

வீட்டில் இரண்டு அடைப்பு நடுவில் இருக்க வேண்டும். ஒரு கதவு மறந்து திறந்து கிடந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். சிட்டவுட் கிரில்லை நம்பாதீர்கள். அந்தக் கம்பி இடைவெளியில் சின்ன நாய் நுழைந்து வெளியே வந்துவிடும். கீழே இரண்டடி உயரத்துக்கு வலைக்கம்பி அடித்துவிடுங்கள். டைசனை நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுவதும் வழியில்லை. கட்டிக் கிடக்கும் நாய்க்கு எரிச்சல் ஏறும், சின்னது தெரியாமல் அந்தச் சங்கிலி எட்டும் இடத்துக்குள் போய்விடும். அவனுக்கென்று அடைப்பு போட்டு, காலையும் மாலையும் நன்றாக நடத்திக் கூட்டிப் போங்கள். சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. தின்று முடித்ததும் பாத்திரத்தை எடுத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எலும்பு விஷயத்தில் ரொம்பவே கவனம்.

மகளுக்கு முக்கியமாக ஒன்று சொல்லுங்கள். டைசன் பக்கத்தில் நிற்கும்போது ஷிட்ஸுவைக் கையில் தூக்கக் கூடாது. மேலே தூக்கிய எதையும் பெரிய நாய் தாவிப் பிடிக்கப் பார்க்கும். கர்ப்பிணிப் பெண்மேல் 50 கிலோ தாவினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. குழந்தை பிறந்த பிறகு, இரண்டு நாய்களில் எதுவுமே குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு வயது பொமரேனியனும் இரண்டு வயது லாப்ரடாரும் உண்டு. பொமரேனியன்தான் அதிகாரம். லாப்ரடாரின் காதைக் கடித்துத் தொங்கும், வாயில் இருக்கும் சாளைத் தலையைப் பிடுங்கும். லாப்ரடார் ஒன்றும் செய்யாது. பிள்ளைகள் வீடியோ எடுத்துச் சிரிக்கிறார்கள். பயப்பட ஏதாவது உண்டா?
– வாசகர், குளச்சல்

பதில்: உண்டு. அடுத்த முறை அந்த வீடியோவில் லாப்ரடாரின் முகத்தை மட்டும் பாருங்கள். உதட்டை நக்குகிறதா? தூக்கம் வராமலே கொட்டாவி விடுகிறதா? முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கிறதா? "இதை விலக்குங்களேன்" என்று உங்களிடம் கேட்கிறது அது. யாரும் கேட்காவிட்டால் ஒருநாள் உறுமும். உறுமும்போது அதட்டினால், உறுமக்கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அதன்பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் நேராகக் கடிதான். எனவே உறுமலுக்குத் திட்டாதீர்கள், சின்னதைத் தள்ளிக் கொண்டுபோங்கள்.

லாப்ரடார் பொறுமையான இனம் என்பது உண்மை. அதற்காக அந்தப் பொறுமையை தினமும் சோதிக்கலாமா? சின்ன நாய் செய்யும் அடாவடியை நாம் விளையாட்டு என்கிறோம், அதையே பெரிய நாய் செய்தால் குச்சியை எடுக்கிறோம். இந்த ஓரவஞ்சனை எனக்குப் பிடிக்காது. பொமரேனியனுக்கும் 'உட்கார்', 'விடு', 'வா' கற்றுக்கொடுங்கள், ஏழு வயதிலும் படிக்கும். மீன் கொடுத்தால் இரண்டுக்கும் தனித்தனி இடத்தில் கொடுங்கள். அதோடு பொமரேனியனின் வாயைத் திறந்து பாருங்கள். இந்த வயதில் சின்ன இன நாய்களுக்குப் பல்லில் காறை படிந்து ஈறு புண்ணாவது சகஜம். வலியில் இருக்கிற நாய்க்கு எரிச்சல் கூடும்.

கேள்வி: ரப்பர் விளையில் காவலுக்கு ராஜபாளையம் நிற்கிறது. வீட்டில் டாஷுண்ட் என்ற சின்ன நாய். இரண்டு வருடமாகச் சண்டையே இல்லை. போன வாரம் ராஜபாளையம் டாஷுண்டைக் கவ்வி உதறிவிட்டது. முதுகில் இரண்டே இரண்டு பல் ஓட்டைதான், அம்மா மஞ்சள் வைத்தார்கள். மறுநாள் முதல் தீனி எடுக்கவில்லை, சுருண்டு கிடக்கிறது. புண் தானே ஆறிவிடுமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: தம்பி, உங்கள் கடிதம் கிடைத்ததுமே போனில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஓட்டை சின்னதாக இருக்கிறது என்று ஒருநாளும் ஏமாறக் கூடாது. நாயின் தோல் தளர்வானது. பல் பதிந்து உதறும்போது தோல் கூடவே நகர்ந்து கொடுக்கும், அதனால் வெளியே பெரிதாகக் கிழியாது. அடியில் இருக்கும் சதை அப்படி நகராது, அது கிழிந்து நசுங்கும். விலா முறியலாம், நுரையீரல் பொத்துக் காற்று கசியலாம், வயிற்றுக்குள் குடல் சேதப்படலாம். செத்த சதையில் கிருமி பெருகி, சில நேரம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் நாய் படுக்கும். உங்கள் நாயின் முதுகு முடியை மழித்துப் பார்த்தபோது ஓட்டையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குக் கத்திரிக்காய் நிறத்தில் தோல் கன்றிப்போயிருந்ததாகச் சொன்னீர்களே, உள்ளே இருந்த சேதத்தின் அடையாளம் அது.

ஆகவே பெரிய நாய் சின்ன நாயைக் கவ்வினால், நன்றாக நடக்கிறதே என்று விடாமல் அன்றைக்கே கொண்டுபோங்கள். மஞ்சள், காப்பிப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஒரு பலகையிலோ கெட்டி அட்டையிலோ படுக்கவைத்து, முதுகு வளையாமல் தூக்குங்கள். டாஷுண்டுக்கு முதுகுத்தண்டு வட்டு விலகும் குறை இயல்பிலேயே அதிகம் என்பதால் இது ரொம்ப முக்கியம். நாம் சாப்பிடும் வலி மாத்திரை கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாழாக்கிவிடும். பெரிய அறுவைசிகிச்சைக்கு நம் பக்கத்தில் இருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்கள் உண்டு. குலசேகரத்தில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதனால் முதலில் பக்கத்து மருத்துவரிடம் காட்டி, மூச்சையும் ரத்தப்போக்கையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கவ்விய நேரத்தில் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். சின்னதைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுக்க இழுக்கக் கிழியும். நடுவில் கையை விடாதீர்கள். ஓஸ் தண்ணீரை வேகமாக மூஞ்சியில் அடியுங்கள், அல்லது இரண்டுக்கும் நடுவே பலகை, நாற்காலி எதையாவது செருகுங்கள். பலமான ஆள் இருந்தால் பெரிய நாயின் பின்கால் இரண்டையும் பிடித்துத் தூக்கலாம், ஆனால் அது திரும்பிக் கடிக்கவும் செய்யும். உங்கள் அம்மாவுக்குக் கையில் பல் பட்டிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்ட வேண்டும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் வேட்டைக்குப் பழக்கிய இனங்கள். ஓடுகிற சின்ன உருவம் அவற்றின் கண்ணைச் சட்டென்று இழுக்கும். டாஷுண்டோ ஜெர்மனியில் பேட்ஜர் வளைக்குள் இறங்கிப் போராடுவதற்காக உருவாக்கிய இனம், எதிரே யார் நின்றாலும் பின்வாங்காது. இந்த ஜோடியை இனி ஒன்றாக விடவே வேண்டாம். ஒருமுறை கவ்வி உதறிய நாய் மறுபடியும் செய்யும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ராஜபாளையம் விளையில் நிற்கட்டும், டாஷுண்ட் வீட்டோடு இருக்கட்டும்.

கேள்வி: மினியேச்சர் பின்ஷர் வளர்க்கிறோம். காவலுக்கு ஒரு பெரிய நாயும் வாங்க ஆசை. குட்டியில் இருந்தே சேர்த்து வளர்த்தால் பிரச்சினை வராதுதானே?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: குறையும், வராது என்று சொல்ல மாட்டேன். மூன்று வாரத்தில் இருந்து பதினாலு வாரம் வரை நாய்க்குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ அதையெல்லாம் தன் உலகமாக ஏற்றுக்கொள்ளும். அந்த வயதில் சின்ன நாயோடு பழகுவது பெரிய உதவிதான். ஆனால் பெரிய இனங்களுக்குப் புத்தி முதிர இரண்டு மூன்று வயதாகும். அதுவரை தூங்கி வழிந்த நாய் அப்போதுதான் "இது என் இடம்" என்று நிற்க ஆரம்பிக்கும். ஆறேழு மாதக் குட்டியோ இன்னும் தொல்லை. உடம்பு வளர்ந்திருக்கும், கால் எங்கே படுகிறது என்று தெரியாது.

வீட்டில் இருக்கும் பின்ஷருக்கு எதிர்பாலினமாகப் பார்த்து எடுங்கள், வயது வந்ததும் இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். மழைக்கால இடி, கிறிஸ்துமஸ் வெடி, கோயில் கொடை வாணவேடிக்கை எல்லாம் வரும் இரவுகளில் இரண்டையும் கட்டாயம் பிரித்து வையுங்கள். மிரண்ட நாய் பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. காவலுக்கு 40 கிலோ நாய் எதற்கு? நம் நாட்டு நாய் 15, 20 கிலோவுக்குள் நிற்கும், ராத்திரி ஓர் ஓலை விழுந்தால்கூடக் குரைக்கும், நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் பழகியது. உங்கள் பின்ஷருக்கும் அதற்கும் எடை வித்தியாசம் குறைவாக இருக்கும். தெருவில் பிறந்த நல்ல குட்டி ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்த்துப் பாருங்களேன்.

கேள்வி: எங்கள் பொமரேனியன் பெட்டையும் ஜெர்மன் ஷெப்பர்டும் மூன்று நாளுக்கு முன் இணை சேர்ந்துவிட்டன. பெட்டைக்கு ஆபத்தா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: ஆபத்துதான். குட்டி பெரிதாக வளர்ந்தால் பிரசவ வழியில் அடைபட்டு, அறுவைசிகிச்சையில் போய் நிற்கும். நாய்க்குச் சினைக்காலம் 63 நாள். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப் போனால், கருவைத் தவிர்க்கவோ கருப்பையை எடுக்கவோ எது ஏற்றது என்று பரிசோதித்துச் சொல்வார். பிறப்புறுப்பில் ரத்தமோ கிழிசலோ இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இணை பிணைந்து நின்றபோது தண்ணீர் ஊற்றியோ இழுத்தோ பிரித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெட்டையின் சூட்டுப் பருவம் மூன்று வாரம் இருக்கும், அதனால் இன்னும் சில நாள் ஆண் நாய் எட்டாத அறையில் வைத்துப் பூட்டுங்கள்.