எட்டு வயதுச் சிறுமியிடம் தோற்றேன், செஸ்ஸை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு 47 வயது. கூட்டுறவு வங்கி ஒன்றில் காசாளர். சிறுவயதில் அப்பா திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்த ஆட்டம் செஸ். கொரோனா ஊரடங்கில் போனில் மறுபடி ஆட ஆரம்பித்து, அதில் 1550 ரேட்டிங் வரை வந்தேன். அந்தத் தைரியத்தில் கடந்த ஒரு வருடத்தில் மூன்று போட்டிகளுக்குப் போனேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரேபிட் என்ற வேக ஆட்டம், ஒன்று நான்கு நாள் கிளாசிக்கல் என்ற நிதான ஆட்டம். 22 ரவுண்டில் ஆறு புள்ளி. அதிலும் ஒரு புள்ளி எதிராளி இல்லாமல் கிடைத்த 'பை'. கிளாசிக்கலில் கடைசி ரவுண்டில் எனக்கு எதிரே எட்டு வயதுச் சிறுமி. ஒரு குதிரை அதிகம் வைத்திருந்தும் 34வது நகர்த்தலில் மேட் வாங்கினேன். என் கடிகாரத்தில் இன்னும் ஒரு மணி பத்து நிமிடம் மிச்சம் இருந்தது. கைகூடக் கொடுக்காமல் எழுந்து வந்துவிட்டேன். "பிள்ளைங்க ஆடுற எடத்துல உங்களுக்கு என்ன வேலை?" என்கிறார் மனைவி. இத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் மரியாதையா?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: கும்பகோணம் நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் தோல்விக்கணக்கு நாலைந்து வரி, கை கொடுக்காமல் வந்தது ஒரே வரி. உங்களை உறுத்துவது அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதை முதலில் பேசிவிடுவோம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான 14வது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம். டிராவுக்குப் போய்க்கொண்டிருந்த நிலையில் டிங் லிரென் 55வது நகர்த்தலாக யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானையும் பிஷப்பும் மாற்றிக்கொள்ளப்பட்டு, ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் தனக்குத் தோல்வி என்பது உலக சாம்பியனுக்குத் தெரியாததா? அந்த ஒரு கணம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். உங்கள் குதிரைக் கதைக்கு அவர் ஒருவிதத்தில் அண்ணன். பட்டம் கைவிட்டுப் போன அந்த நிமிடத்திலும் கை கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார். எதிரே நம் சென்னைப் பையன் குகேஷ், 18 வயது. அழுகையை அடக்க முடியாமல், காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் முதல் கட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த வெற்றியைவிடக் காய் அடுக்கியதுதான் இன்னும் நினைவில் நிற்கிறது.

நம் பக்கத்துப் போட்டிகளில் அதே முகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சிறுமியையும் அடுத்த போட்டியில் நிச்சயம் பார்ப்பீர்கள். அவளுடைய அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போதே போய், "அன்னிக்கு நீ நல்லா ஆடினே பாப்பா, நான்தான் கை கொடுக்காம போயிட்டேன்" என்று சொல்லிக் கையை நீட்டுங்கள். அரை நிமிட வேலை.

இனி அந்த ஒரு மணி பத்து நிமிடம். நான்கு நாள் கிளாசிக்கல் என்றால் பெரும்பாலும் ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். 34 நகர்த்தலுக்குச் சேர்ந்தது 17 நிமிடம். ஆக, உங்கள் கையில் இருந்த 107 நிமிடத்தில் நீங்கள் செலவழித்தது வெறும் 37. நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் சொச்சம். ஆரம்ப நகர்த்தல்கள் பத்தும் மளமளவென்று போயிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், குதிரை அதிகம் கிடைத்த பிறகு எவ்வளவு நேரம் யோசித்தீர்கள்? "ஜெயித்தாயிற்று" என்று தோன்றிய நொடியிலிருந்து கை தானாக ஓடியிருக்கும். எனக்கும் அப்படித்தான் ஓடும், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் காசாளர். கட்டைப் பிரித்து எண்ணி, மறுபடி ஒருமுறை எண்ணி, பிறகுதானே கவுன்ட்டருக்கு வெளியே நீட்டுவீர்கள்? வரிசையில் நிற்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அந்த இரண்டாவது எண்ணலை விடமாட்டீர்கள். போர்டில் மட்டும் ஏன் ஒரே எண்ணல்?

போன் பழக்கம் இது. ஐந்து நிமிட ஆட்டம், தோற்றால் அடுத்தது. அந்த வேகத்தில் வாங்கிய 1550 பொய்யில்லை, ஆனால் அது வேறு படியில் அளந்த அரிசி. அதைக் கொண்டுபோய் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

நான் கையாளும் வழி ஒன்று. எதிராளி நகர்த்தியதும் காயைத் தொடுவதில்லை. பேனாவை எடுத்து அவர் நகர்த்தலை ஸ்கோர் ஷீட்டில் எழுதுகிறேன், பக்கத்திலேயே கடிகார நேரத்தையும் சின்னதாகக் குறிக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் கை அரிப்பு அடங்கிவிடும். பிறகு, இந்தக் காய் இங்கே வந்ததால் எதைத் தாக்குகிறது, முன்பு நின்ற இடத்தில் எதைக் காத்துக்கொண்டிருந்தது என்று பார்ப்பேன். இரண்டாவது கேள்வியைத்தான் நாம் கேட்பதே இல்லை. ஒரு எச்சரிக்கை: பழைய புத்தகங்களில் உங்கள் நகர்த்தலை முதலில் எழுதிவிட்டுப் பிறகு ஆடுங்கள் என்று இருக்கும். இப்போதைய விதி அதை அனுமதிப்பதில்லை. டிரா கோரும்போது மட்டும்தான் முன்கூட்டி எழுதலாம். என் வயதுக்காரர்கள் சிலர் இன்னும் அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டு நடுவரான ஆர்பிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

விதி என்றதும் என் மானம் போன கதை ஒன்று. கல்யாண மண்டபத்தில் நடந்த ஒரு போட்டி. நான் வெள்ளை. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் காசிலிங் செய்ய வேண்டிய நேரம். சிறுவயதுப் பழக்கத்தில் யானையை முதலில் எடுத்து எஃப்1-ல் வைத்துவிட்டு ராஜாவை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். எதிரே இருந்த பத்து வயதுப் பையன், பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் கூப்பிடுவது போல, கையை நேராகத் தூக்கினான். ஆர்பிட்டர் வந்தார். காசிலிங் என்பது ராஜாவின் நகர்த்தல், முதலில் தொட வேண்டியது ராஜாவை. யானையைத் தொட்டால் யானையைத்தான் நகர்த்தியாக வேண்டும். "நாற்பது வருஷமா இப்படித்தான் சார் போடுறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நாற்பது வருஷமா யாரும் கேக்கலை போல சார்" என்றார். ராஜா நடுவிலேயே நின்றது, 20 நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பையன் மேல் எனக்கு வந்த கோபம் இரண்டு நாள் தீரவில்லை. மூன்றாம் நாள் விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பையன் கை தூக்கியதில் துளிகூடத் தவறில்லை.

அந்தப் போட்டியில் என் ஒரே முழுப்புள்ளியும் உங்களைப் போலவே 'பை'தான். ஒற்றைப்படையாக ஆள் இருந்தால் அட்டவணையில் கீழே இருப்பவருக்குக் கிடைக்கும் பிச்சை அது. வீட்டில் வந்து "இன்னிக்கு பை கிடைச்சுது" என்றேன். "துணிப்பையா? கொடுங்க, மார்க்கெட்டுக்கு ஆகும்" என்றாள் என் மனைவி. ஆகவே உங்கள் வீட்டுக் கேலியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

சரி, குழந்தைகள் விஷயத்துக்கு வருவோம். எட்டு வயது என்பதைப் பார்த்தீர்களே தவிர, அவள் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆடுகிறாள் என்று யோசித்தீர்களா? அகாடமிக்குப் போகும் பிள்ளைகள் பள்ளி விட்டதும் நேரே போர்டில் உட்கார்கிறார்கள். ஞாயிறு தவறாமல் போட்டி. ரேட்டிங் பட்டியலோ மாதம் ஒருமுறைதான் வரும். பிள்ளையின் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் ரேட்டிங் பின்னாலேயே மூச்சிரைக்க வரும். இது ஃபிடேவுக்கும் தெரியும். அதனால்தான் 18 வயதுக்குக் கீழே, 2300-ஐத் தொடாதவர்களுக்கு ஒவ்வொரு முடிவையும் 40 என்ற எண்ணால் பெருக்குகிறார்கள். முப்பது ஆட்டம் தாண்டிய சாதாரணப் பெரியவர்களுக்கு 20தான். அப்படியும் எட்டிப் பிடிக்க முடிவதில்லை.

இன்னொரு சிக்கல், 'அன்ரேட்டட்' என்ற சொல். 2024 மார்ச் 1 முதல் ஃபிடே பட்டியலின் அடிமட்டம் 1400. கணக்குப் போட்டு அதற்குக் கீழே வருபவர் பட்டியலில் ஏறுவதே இல்லை. ஆக, யாரோடு யார் என்று ஒட்டும் பேரிங் தாளில் அன்ரேட்டட் என்று போட்டிருந்தால் நேற்றுக் காய் பிடித்தவரும் இருக்கலாம், மூன்று வருடமாகத் தினமும் புதிர் போட்டுத் தள்ளுகிற எட்டு வயதும் இருக்கலாம். உங்கள் பெயருக்கு நேரேயும் அதுதான் இருந்திருக்கும். அவளுடைய கோச் உங்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ!

ரேட்டிங் கணக்கைக் கொடுத்தவர் ஆர்பட் எலோ, ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர். அவர் கணக்குப்படி 200 புள்ளி வித்தியாசம் இருந்தால்கூடக் கீழே இருப்பவருக்கு 100 ஆட்டத்தில் 24 புள்ளி எதிர்பார்க்கலாம். நாலுக்கு ஒன்று! செஸ்ஸில் பெரியவர் சின்னவரிடம் தோற்பது விபத்தே கிடையாது, கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பேரிங்கும் அப்படித்தான். ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் சுவிஸ் முறையில், முதல் ரவுண்டில் மேல் பாதியில் இருப்பவரோடு கீழ் பாதியைக் கோர்ப்பார்கள். அங்கே நாம் தோற்போம், பிறகு மெல்ல மெல்லக் கடைசிப் போர்டுகளுக்கு இறங்குவோம். மண்டபத்தின் கடைக்கோடி, பந்திக் கூடத்துக்குப் பக்கத்தில், மின்விசிறி சரியாக எட்டாத அந்த மேஜைகளில்தான் நாமும் பிள்ளைகளும் சந்திக்கிறோம். நாற்காலியில் உட்கார்ந்தால் போர்டின் மறுபக்கம் எட்டாது என்று பிள்ளை முழங்கால் போட்டு நிற்கும், பக்கத்தில் கார்ட்டூன் படம் போட்ட தண்ணீர் பாட்டில் இருக்கும். பாட்டிலைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

உங்கள் மனைவி கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். 1972-ல் மேனுவல் ஆரோன் சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் டால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். பின்னாளில் அங்கே சிறுவனாகப் போய் ஆடியவர்தான் விஸ்வநாதன் ஆனந்த். பிளிட்ஸ் என்ற சில நிமிட ஆட்டம், ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடுவார். அந்தப் பையனிடம் தோற்று எழுந்துபோன பெரியவர்கள் எத்தனை பேரோ. அவர்களெல்லாம் வீட்டுக்குப் போய் "சின்னப் பையன்கிட்ட தோத்துட்டேன், இனி போகமாட்டேன்" என்று கதவைச் சாத்தியிருந்தால் பையன் யாரோடு ஆடியிருப்பான்? பிள்ளைகள் ஆடும் இடத்தில் உங்களுக்கு என்ன வேலை என்றால், இதுதான் வேலை. எதிரே உட்காருவது. சுலபமாக ஜெயிக்க விடாமல் உட்காருவது.

ஆகவே நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது ஆடுகிற மாதிரியும் வேண்டாம். போனில் ஐந்து நிமிட ஆட்டத்தை ஆறு மாதம் மூட்டை கட்டுங்கள். நிஜப் போர்டு ஒன்று வாங்குங்கள், சுருட்டி வைக்கிற ரெக்சின் போர்டு போதும். நாம் தட்டைத் திரையில் மேலிருந்து பார்த்துப் பழகியவர்கள். மேஜையில் காய்கள் எழுந்து நிற்கும்போது தூரத்து மூலையில் இருக்கும் பிஷப் கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்களுக்கு மேட் போட்டதிலும் அப்படி ஒரு மூலை பிஷப் இருந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். ஒரு நாளில் இரண்டு ரவுண்ட் இருந்தால் மதியம் பிரியாணிப் பக்கம் போகாதீர்கள். 60 நகர்த்தல் போனால் ஆட்டம் நாலு மணி நேரம் இழுக்கும், மூன்று மணிக்குத் தூக்கம் வந்து உங்கள் காயை அதுவே நகர்த்தும். போனையும் அந்த ஸ்மார்ட் வாட்சையும் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முக்கியமாக, ஆட்டம் முடிந்ததும் ஓடி வராதீர்கள். கை கொடுத்து, காய்களை அடுக்கி, ஹாலுக்கு வெளியே வந்ததும் எதிராளியிடம் "கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரியவர்கள் பாதிப் பேர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்கள். பிள்ளைகள் மாட்டேன் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கை தூக்கிய அந்தப் பையனோடு ஒரு வருடம் கழித்து இன்னொரு போட்டியில் உட்கார்ந்தேன், மறுபடி தோற்றேன். வராந்தாவில் தரையில் போர்டை விரித்து, "நீங்க இங்க குயினை எடுத்திருந்தா நான் செத்தேன் அங்கிள்" என்று காட்டினான். எடுத்திருக்கலாம்தான். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அந்தச் சிறுமியோடு ஆடிய ஸ்கோர் ஷீட்டின் உங்கள் பிரதி பத்திரமாக இருக்கிறதா? ஆத்திரத்தில் கிழித்துப் போடவில்லை என்றால் படம் எடுத்து ஆசிரியர் முகவரிக்கு அனுப்புங்கள். அந்த அதிகக் குதிரை எந்தக் கட்டத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது என்று இருவருமாகத் தேடிப் பார்ப்போம்.