காரில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ போடலாமா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கார் ஆடியோ, ப்ளூடூத் மாட்டுவது என் தொழில். அதனால், போனைக் கையில் பிடிக்காமல் கார் ஸ்பீக்கரில் பேசும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ பற்றி வந்த கேள்விகள் இவை.

அண்ணா, என்னுடையது பழைய கார், ப்ளூடூத் கிடையாது. புதிதாக மாட்டுவது வீண் செலவா?

வீண் இல்லை, மாட்டுங்கள். மேப் சொல்லும் வழி ஸ்பீக்கரில் கேட்கும், அவசர அழைப்பு வந்தால் "ஓட்டிக்கிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிக்கலாம். அதற்கு மேல் பேச வேண்டாம். ஸ்டீரியோவில் ஆக்ஸ் ஓட்டை (வெளியிலிருந்து ஒயர் சொருகும் இடம்) இருந்தால் சின்ன ப்ளூடூத் ரிசீவரே போதும். லைட்டரில் சொருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை நான் சொல்ல மாட்டேன், அது போன் சத்தத்தைக் கார் ரேடியோவுக்கு அனுப்புவது, ஊர் மாறினால் ஏதாவது ஸ்டேஷன் குறுக்கே வரும், மைக்கும் கியர் பக்கம் கீழே கிடப்பதால் உங்கள் குரலைவிட ரோட்டுச் சத்தம்தான் அதிகம் போகும்.

கையில் பிடிக்காவிட்டால் அபராதம் இல்லைதானே சார்?

2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவு சொல்வது கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியை. முதல் தடவை 1,000 முதல் 5,000 ரூபாய், மூன்று வருஷத்துக்குள் மறுபடி சிக்கினால் 10,000 ரூபாய், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. ஸ்பீக்கரில் பேசுவது அந்த வரியில் வராது. ஆனால் பேச்சு சுவாரஸ்யத்தில் ஆபத்தாக ஓட்டினால் அதே பிரிவில் வழக்கு வரும்.

சட்டமே விடுகிறது, நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள்? பக்கத்து சீட்டில் மனைவியோடு பேசுவதில்லையா?

நல்ல கேள்வி. 1997இல் கனடாவின் டொரன்டோவில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லை ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள். போன் பேசும்போது மோதும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, ஹேண்ட்ஸ்ஃப்ரீ வைத்திருந்தவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் இதே கதை. காரணம் கை இல்லை, கவனம். கண் ரோட்டைப் பார்க்கும், எதிரே வருவது மூளையில் பதியாது. பக்கத்தில் இருக்கும் மனைவிக்கு லாரி குறுக்கே வருவது தெரியும், பேச்சை நிறுத்துவார், "பார்த்து" என்பார். போனில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார். 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

சென்னை ஓ.எம்.ஆர். ரோட்டு டிராஃபிக்கில் மீட்டிங்கை மியூட்டில் கேட்கலாமா?

வேண்டாம். திடீரென்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கிக் கேளுங்கள்.

வாயால் சொல்லி நம்பர் போடுவது பரவாயில்லையா?

அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கான ஏ.ஏ.ஏ. அறக்கட்டளை 2015இல் சோதித்தபோது, சில கருவிகளில் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப 27 நொடி வரை ஆனது. 40 கி.மீ. வேகத்தில் அது 300 மீட்டர். மேப், பாட்டு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.

நான் எடுக்காவிட்டால் அப்பா பதறுகிறார் அண்ணா.

கிளம்பும்போதும் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடுங்கள். ஐபோனில் டிரைவிங் ஃபோகஸ் போட்டால் வரும் மெசேஜுக்கு அதுவே பதில் அனுப்பும். அப்பாவிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: நீங்கள் எடுத்ததும் முதலில் "வண்டி ஓட்டுறியா?" என்று கேட்கட்டும், ஆமாம் என்றால் உடனே வைத்துவிடட்டும்.