வாய் வறண்டால் தண்ணீர் மட்டும் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 58. சில மாதங்களாக வாய் ஓயாமல் வறண்டு போகிறது. நடு இரவில் விழித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கிறது. தண்ணீர் குடித்தாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே கதை. சர்க்கரை நோய் இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. அலர்ஜிக்காக இரவில் ஒரு மாத்திரை, சிறுநீர் அவசரமாக முட்டிக்கொண்டு வருவதற்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாயை வாயில் போட்டபடியே இருக்கிறேன். இப்போது இரண்டு பற்களில் ஈறு ஓரமாகச் சொத்தை. வயதானால் இப்படித்தானா அம்மா?

பதில்: வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என் கண் முதலில் போய் நின்றது அந்த இரண்டு மாத்திரைகளில்தான்.

எச்சில் சுரக்க வேண்டும் என்று சுரப்பிகளுக்கு நரம்பு சொல்லும் செய்தியை எடுத்துப்போவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். சிறுநீர்ப்பையை இறுக வைப்பதும் அதேதான். சிறுநீர் அவசரத்துக்குத் தரும் மாத்திரைகளில் பல, இந்தச் செய்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன. அங்கே தடுக்கும்போது வாயிலும் தடுத்துவிடுகின்றன. தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் வாய் பாவம், என்ன செய்யும்? போதாததற்கு, தூங்கும்போது எல்லோருக்குமே எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். உங்கள் இரவு அவதி அதனால்தான்.

நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மாத்திரைச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு எழுதித் தந்த மருத்துவரிடம் போய், "வாய் வறள்கிறது, பல் சொத்தையாகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த வழியில் வேலை செய்யாத மாற்று மருந்துகள் இரண்டுக்குமே இருக்கின்றன. அளவைக் குறைக்க முடியுமா என்றும் அவர் பார்ப்பார்.

தண்ணீர் ஏன் போதவில்லை? எச்சிலில் 99 சதவீதம் தண்ணீர்தான். ஆனால் பல்லைக் காப்பது மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதம். சாப்பிட்டதும் வாயில் உண்டாகும் அமிலத்தை அடக்குவது அதிலுள்ள பைகார்பனேட். பல்லில் கரைந்த இடத்தை மறுபடி நிரப்புவது கால்சியமும் பாஸ்பேட்டும். கிருமிகளைக் கட்டுப்படுத்தும் புரதங்களும், நாக்கு வழுக்கிப் புரள உதவும் வழவழப்பும் அதில்தான். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை நாம் கவனிக்காமலே இது சுரந்து உள்ளே போகிறது. தண்ணீர் குடித்தால் நாக்கு நனையும், அவ்வளவுதான்.

எச்சில் குறைந்த வாயை நான் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவேன். பரிசோதனைக் கண்ணாடியை உள்ளே விட்டால் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும். நாக்கைத் தூக்கினால் அடியில் தேங்கியிருக்க வேண்டிய எச்சில் இருக்காது; இருந்தாலும் நுரையாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு குவளையில் கால் மணி நேரம் எச்சிலைச் சேகரித்து அளப்போம். எதையும் மெல்லாமல் இருக்கும்போது நிமிடத்துக்கு 0.1 மில்லிக்கும் கீழே வந்தால் சுரப்பு குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தப் புளிப்பு மிட்டாயை இன்றே விட்டுவிடுங்கள். அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து, காவலில்லாத பல்லை நேராக அரிக்கின்றன. ஈறு இறங்கிய இடத்தில் தெரியும் பல்வேர் எனாமலைவிட மென்மையானது. அதனால்தான் சொத்தை அங்கே பிடித்திருக்கிறது. பதிலாக, சைலிட்டால் கலந்த, சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். ஃபுளூரைடு அதிகமுள்ள பற்பசையை உங்கள் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான் கூடாது, அது இன்னும் வறட்டும். மூக்கடைப்பால் வாயைத் திறந்து தூங்குகிறீர்களா என்றும் வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல், மூட்டு வலி ஏதாவது உண்டா? இருந்தால் ஷோக்ரன் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே எச்சில், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய் இது. நடுத்தர வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்திருக்கிறது. வாய் சுத்தமாக வறண்டுவிட்டது. திரும்பச் சரியாகுமா?

பதில்: சுரப்பிகளில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதைப் பொறுத்தது. ஓரளவு மிஞ்சியிருந்தால் பைலோகார்பின் மாத்திரை சுரப்பைத் தூண்டும். ஆஸ்துமா, கண் அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சுரப்பி எதுவும் மிஞ்சவில்லை என்றால் செயற்கை உமிழ்நீர் ஜெல் இரவில் நிம்மதி தரும். நாக்கில் எரிச்சலோ வெள்ளைப் படலமோ வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம் தம்பி: இனி எந்த வருடம் பல் பிடுங்க வேண்டி வந்தாலும், தாடையில் கதிர்வீச்சு பட்டிருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். அப்படிப்பட்ட எலும்பில் புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகும் ஆபத்து உண்டு.