ஸ்லுட்ஸ்காயாவுக்கு ஒரு தங்கம் குறைந்த கதை

கேள்வி: 2002 குளிர்கால ஒலிம்பிக்கில், பனித்தரையில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் பெண்கள் பிரிவில் ரஷ்யாவின் இரினா ஸ்லுட்ஸ்காயாவும் அமெரிக்காவின் சாரா ஹியூஸும் சமமாக நின்றார்களாமே? அப்புறம் எப்படித் தங்கம் ஹியூஸுக்குப் போனது? ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, விதி அப்படி. அந்தக் காலத்தில் மதிப்பெண்ணைக் கூட்டமாட்டார்கள், பிடித்த இடத்தைத்தான் கூட்டுவார்கள்: ஷார்ட் புரோகிராம் என்ற முதல் குட்டி ஆட்டத்தில் வந்த இடத்தில் பாதி, ஃப்ரீ ஸ்கேட் என்ற இரண்டாவது நீள ஆட்டத்தில் வந்த இடம் முழுசாக, குறைந்த எண் யாருக்கோ அவருக்குத் தங்கம். ஷார்ட்டில் ஸ்லுட்ஸ்காயா இரண்டாவது, 16 வயது ஹியூஸ் நான்காவது. ஃப்ரீ ஸ்கேட்டில் ஹியூஸ் முதல், ஸ்லுட்ஸ்காயா இரண்டாவது. கூட்டிப் பாருங்கள், இருவருக்கும் 3. சமம் என்றால் ஃப்ரீ ஸ்கேட்டில் ஜெயித்தவருக்கே தங்கம். அதிலும் ஒன்பது நடுவர்களில் ஐந்து பேர் ஹியூஸுக்கு, நான்கு பேர் ஸ்லுட்ஸ்காயாவுக்கு. ரஷ்யா புகார் கொடுத்தது, எடுபடவில்லை. எனக்கு ஸ்லுட்ஸ்காயாவை ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் அன்றைக்கு ஹியூஸ்தான் நன்றாக ஆடினார் என்பேன். டிரிபிள்-டிரிபிள் ஜோடித் தாவல்கள் (மூன்று சுற்றுத் தாவல் ஒன்று முடிந்ததும் உடனே இன்னொன்று) இரண்டு, பயமே இல்லாத ஆட்டம். கடைசியாக இறங்கிய ஸ்லுட்ஸ்காயா பத்திரமாக முடித்தால் போதும் என்பதுபோல இறுகிப்போய் ஆடினார்.

கேள்வி: ஒலிம்பிக் தங்கமே இல்லாத ஒருவரை எப்படிப் பெரிய சாம்பியன் என்கிறீர்கள்?

பதில்: 1996இல் சோஃபியா நகரில் ஐரோப்பிய சாம்பியன் ஆனபோது அவருக்கு வயது 16. அதுவரை எந்த ரஷ்யப் பெண்ணும், சோவியத் காலத்துப் பெண்களும்கூட, ஒற்றையர் பிரிவில் அந்தப் பட்டத்தை வாங்கியதில்லை. மூன்றே வருடத்தில், 1999இல், ரஷ்ய அணியிலேயே இடமில்லை. பலர் அங்கேயே ஷூவைக் கழற்றியிருப்பார்கள். இவர் 2000இல் திரும்பி வந்து மறுபடி ஐரோப்பியப் பட்டம் வாங்கினார், 2002இல் நாகனோவில் உலக சாம்பியனும் ஆனார்.

ஆனால் நான் அவரைப் பெரிய ஆள் என்று சொல்வது அதற்கடுத்த வருடங்களை வைத்து. அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ். அம்மாவோடு இருப்பதற்காக 2003 உலகப் போட்டியையே விட்டுவிட்டார். அப்புறம் அவருக்கே வாஸ்குலிட்டிஸ், அதாவது ரத்தக்குழாய் அழற்சி, கால் வீங்கிவிடும். காலையே நம்பிப் பிழைக்கிற ஒருவருக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்கு? 2004 உலகப் போட்டியில் ஒன்பதாவது இடம்தான் கிடைத்தது. சரி, முடிந்தது கதை என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த சீசனில் கிராண்ட் பிரி என்ற தொடர் போட்டிகளின் ஃபைனல், ஐரோப்பியப் பட்டம், கடைசியாக 2005 மார்ச்சில் சொந்த ஊரான மாஸ்கோவில், சொந்த ஜனங்கள் முன்னால், உலகப் பட்டம் என்று வரிசையாக அள்ளிக்கொண்டு போனார். மருந்து சாப்பிட்டுக்கொண்டே! அந்த மாஸ்கோ வெற்றி எனக்கு எந்த ஒலிம்பிக் தங்கத்துக்கும் குறைந்ததில்லை.

2006 ஜனவரியில் ஏழாவது ஐரோப்பியப் பட்டம். பழைய ஜாம்பவான்களான நார்வேயின் சோன்யா ஹெனிக்கும் கிழக்கு ஜெர்மனியின் கதரீனா விட்டுக்கும் ஆறு ஆறுதான்.

கேள்வி: அப்படியானால் 2006 டூரின் ஒலிம்பிக்கில் என்ன ஆனது?

பதில்: ஷார்ட் புரோகிராம் முடிந்தபோது அமெரிக்காவின் சாஷா கோஹன் 66.73 மதிப்பெண், ஸ்லுட்ஸ்காயா 66.70, ஜப்பானின் ஷிசுகா அரகாவா 66.02. யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்ற நிலை. ஃப்ரீ ஸ்கேட்டில் அரகாவா பதறாமல் ஆடித் தங்கத்தைத் தூக்கினார். கோஹன் தொடக்கத்திலேயே விழுந்தும் வெள்ளிக்கு வந்துவிட்டார். கடைசியாக இறங்கிய ஸ்லுட்ஸ்காயா டிரிபிள் லூப் என்ற மூன்று சுற்றுத் தாவலில் விழுந்து வெண்கலத்தோடு நின்றார். அதோடு போட்டிகளுக்கு விடை.

கேள்வி: அவர் ஆட்டத்தில் எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

பதில்: பீல்மன் சுழற்சி. ஒரு காலைப் பின்பக்கமாகத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுகாலில் சுழல்வது. ஒரு காலில் அதைச் செய்யவே உடம்பு வில்லாக வளைய வேண்டும். இவர் நடுவில் கால் மாற்றி, இரண்டு கால்களிலும் சுழல்வார்.