ஜாங்கோ: இத்தாலியத் தடத்திலும் வாயசைவு ஒட்டாதது ஏன்?

இத்தாலிய ஒலித்தடத்தைப் போட்டும் நடிகர்களின் வாயசைவு பேச்சோடு ஒட்டவில்லையா? வீடியோ கோப்பில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, படமே அப்படித்தான். ‘ஜாங்கோ’ (1966) போன்ற சிக்கன பட்ஜெட் இத்தாலிய வெஸ்டர்ன்களில் (கௌபாய் படங்களில்) படப்பிடிப்பு ஒலியைப் பயன்படுத்துவதில்லை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசுவார்கள், எல்லாம் பிறகு டப்பிங். இத்தாலியத் தடத்தில்கூட நாயகன் ஃப்ராங்கோ நீரோவுக்குக் குரல் வேறொருவருடையது. அதனால் தடத்தை மாற்றியும் பலனில்லை.

உதட்டைப் பார்க்காதீர்கள், துப்பாக்கியைப் பாருங்கள். சவப்பெட்டியிலிருந்து இயந்திரத் துப்பாக்கியை எடுத்துச் சுடும் காட்சியில் குழல்வாயில் தீப்பொறியும் வெடிச்சத்தமும் ஒன்றாக வருகிறதா? வந்தால் கோப்பு சரி. கடைசிப் பத்து நிமிடத்திலும் ஒருமுறை பாருங்கள். ஒரே ஒரு வெடிச்சத்தத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அந்தச் சத்தமும் ஸ்டுடியோவில் ஒட்டியதுதானே.

எல்லா இடத்திலும் ஒரே அளவு பிசகினால் விஎல்சி பிளேயரில் ஜே, கே விசைகள் போதும். ஒரு தட்டுக்கு ஒலி 50 மில்லி விநாடி நகரும்.

ஆனால் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது வேறு நோய். விநாடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தோடு, 25 பிரேமாக வேகம் கூட்டிய ஐரோப்பிய டிவிடியின் ஒலியை யாரோ ஒட்டியிருப்பார்கள். 90 நிமிடத்தில் மூன்றரை நிமிடத்துக்கு மேல் இடிக்கும். அதற்கு அந்த விசைகள் உதவாது, வேறு பிரதி தேடுவது நல்லது.