சான்றளிப்பு ஆணையத்தில் சமுதாயக் கல்லூரிக்கு இடம் உண்டா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்துகிறேன். பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கான அனுமதிச் சான்றைத் தருவது மாநில ஆசிரியர் சான்றளிப்பு ஆணையம். அதற்கான வகுப்புகளைப் பெரும்பாலும் நடத்துவது எங்களைப் போன்ற கல்லூரிகள். ஆணையத்தில் எங்களுக்கு இடம் உண்டா? நான் உறுப்பினராக முடியுமா?

பதில்: உங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட, வாக்குரிமையுள்ள இடம் எதுவும் இல்லை. அதனால் உறுப்பினராகவே முடியாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

1970-இல் ரயன் சட்டத்தால் உருவான இந்த ஆணையத்தில் வாக்களிப்போர் 15 பேர். மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர் அல்லது அவருடைய பிரதிநிதி ஒருவர். மீதி 14 பேரை ஆளுநர் நியமிக்க, செனட் ஒப்புதல் தர வேண்டும். ஆறு இடங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு. கல்லூரிப் பேராசிரியருக்கு ஒரே ஓர் இடம். அதுவும் இளங்கலைப் பட்டம் வழங்கும் நிறுவனத்தில் பணிபுரிபவருக்கு. பெரும்பாலும் ஈராண்டுப் படிப்புகளையே தரும் மாநிலத்தின் 116 சமுதாயக் கல்லூரிகளையும் வாசலிலேயே நிறுத்திவைத்தது இந்த நிபந்தனைதான்.

இப்போது அதில் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. 2021-இல் வந்த ஏபி 927 சட்டம், சமுதாயக் கல்லூரிகள் சில துறைகளில் இளங்கலைப் பட்டம் தருவதை நிரந்தரமாக்கியது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒரு பட்டம் இருந்தால், சட்டத்தின் எழுத்துப்படி நீங்கள் தகுதியானவர் என்று வாதிடலாம். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் பட்டங்களை அந்தக் கல்லூரிகள் மறுபடி நடத்தக் கூடாது. ஆசிரியர் பயிற்சி பல்கலைக்கழகங்களின் கோட்டை என்பதால், இந்த வாதத்தை மட்டும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பொதுமக்கள் பிரதிநிதிக்கான இடங்களே உங்களுக்கு ஏற்ற வழி. நியமனத்துக்கு முந்தைய ஐந்தாண்டுகளில் பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பில்) சான்றிதழ் தேவைப்படும் பணியில் இருந்தவர்களும், அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர்களும்தான் இதற்குத் தகுதியற்றவர்கள். சமுதாயக் கல்லூரி வேலை அந்தத் தடைக்குள் வராது. பகுதிநேரமாகப் பள்ளியிலும் வேலை பார்த்திருந்தால் மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை ஆளுநரின் நியமனப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும், ஆணையத்துக்கு அல்ல.

உங்கள் கவலை பதவியா, விதிகளா? விதிகள் என்றால் நியமனத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆணையக் கூட்டங்கள், மாநில அமைப்புகள் வெளிப்படையாகக் கூட வேண்டும் என்று சொல்லும் பேக்லி-கீன் சட்டத்துக்கு உட்பட்டவை. நிகழ்ச்சி நிரலை 10 நாள் முன்னதாக வெளியிட வேண்டும், பொதுமக்களைப் பேச விட வேண்டும். பேசுங்கள், ஆனால் அங்கே பேசியதற்குப் பதில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆணையம் ஒரு விதியை முறைப்படி மாற்றும்போது கிடைக்கும் 45 நாள் கருத்துக்கேட்புக் காலத்துக்கு வலு அதிகம். அப்போது எழுத்தில் வரும் ஒவ்வோர் ஆட்சேபத்தையும் ஏற்றார்களா, இல்லையென்றால் ஏன் என்று இறுதி அறிக்கையில் அவர்கள் பதிவுசெய்தாக வேண்டும். விதி செல்லுமா என்று நிர்வாகச் சட்ட அலுவலகம் ஆராயும்போது அந்தப் பதிவும் கோப்பில் இருக்கும்.

எழுதும்போது ‘எங்களுக்குக் குரல் இல்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தப் பிரிவு, எந்தச் சொல், எத்தனை யூனிட் (பாட அளவு), அதனால் எந்த மாணவர் ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேரிடும் என்று எழுதுங்கள். மாற்று வாசகத்தையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

கல்லூரியின் பெயரில் அனுப்புவதானால் முன்கூட்டியே நிர்வாகத்திடம் கேட்டுவிடுங்கள். தனிநபராக அனுப்ப யாருடைய அனுமதியும் தேவையில்லை.